ஆலாங்குட்டையின் இறகுக் கரை

ஆலாங்குட்டைக் கரையில் இருபத்து மூன்று குட்டிகள் வரிசையாக நின்று கடகடவென்று பல்லை அடித்துக்கொண்டிருந்தன. குளிரா? குளிருமில்லை, கிளிருமில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

“இன்னும் நல்லா நடுங்கோணும்!” என்று பாறைமேல் நின்று கத்தினான் நரி மாரப்பன். “ஏ முயலு, காதும் சேர்ந்து ஆடோணும்! தவிட்டி, என்ன சிரிப்பு அங்கே?”

தவிட்டி ஒரு குரங்குக்குட்டி. வாய்த்துடுக்கு அதிகம். “காடைக்குஞ்சுக்குப் பல்லே இல்லீங்களே, மாரப்ப மாமா!” என்றது.

“அலகை அடிச்சுக்கச் சொல்லு!”

அந்தக் குட்டிகள் எல்லாம் தாய் தகப்பனை இழந்தவை. காட்டுத்தீயிலும் வேட்டையிலும் தப்பிப் பிழைத்தவை. அவற்றுக்காகக் குட்டைக்கரையில் ஒரு காப்பகம் இருந்தது. அதைப் பொறுப்பாக நடத்தி வந்தவள் வேலாத்தா என்ற முள்ளம்பன்றி. பார்க்கத்தான் முள். குட்டிகள் பக்கத்தில் வந்தால் முட்களை எல்லாம் படியப் படுக்க வைத்துக்கொள்வாள்.

கிழங்கு தோண்டப் போயிருந்த வேலாத்தா அப்போதுதான் திரும்பினாள். நடுங்கும் வரிசையைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டாள்.

“என்னங்ண்ணா இது கூத்து?”

“ஒத்திகை, அம்மணி! நாளைக்கு வாத்துக் கூட்டம் வருதில்ல? வருசா வருசம் நான் சொல்லிக் குடுக்கிறதுதான்!”

வேலாத்தா கையிலிருந்த கிழங்கைக் கீழே போட்டாள். நாளையேவா!

அந்த வாத்துகள் பட்டைத்தலை வாத்துகள். பனிமலையைத் தாண்டி ஒவ்வொரு மார்கழியும் வரும். காப்பகத்துக்கு இரண்டு கொடைகள் கொண்டுவரும். ஒன்று, வடக்கே வயல்களில் பொறுக்கிய கோதுமை. புல் காய்ந்துபோகும் மாதங்களில் குட்டிகளின் வயிறு நிறைவது அந்தக் கோதுமையால்தான். இன்னொன்று, பொதி பொதியாக மெல்லிய இறகு. குட்டிகளுக்குப் படுக்கை செய்ய!

ஏன் இறகு? முதன்முதலில் வந்த வருடம், ஒரு பனிக்காலைப் பொழுதில் ஒரே ஒரு மான்குட்டி லேசாகச் சிலிர்த்ததை வாத்துத் தலைவி பார்த்துவிட்டாள். அவள் நாட்டில் குஞ்சுகளைக் கொல்லும் எமன் குளிர்தான். “ஐயோ, இந்தப் பிள்ளைகள் குளிரில் சாகின்றன!” என்று பதறிப்போனாள். மறு வருடம் இறகு வந்தது. ஏழு வருடமாக வந்துகொண்டே இருக்கிறது.

மார்கழியில் வந்து பங்குனியில் பறந்துவிடும் பறவைக்கு ஆலாங்குட்டையின் சித்திரை எப்படித் தெரியும்? சொல்லவேண்டியவர்கள் யாரும் சொல்லவில்லை. “தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாமா?” என்று எல்லோர் வாயையும் அடைத்துவிட்டான் மாரப்பன். வாத்துத் தலைவி ஊர் நடுவில் அவனை ‘நண்பரே’ என்று அழைப்பாள். அந்த ஒரு சொல்லுக்காக அவன் இருபத்து மூன்று குட்டிகளை என்ன, மலையையே நடுங்க வைப்பான்.

ஆனால் குட்டிகளைக் கொன்றது தாகம். குட்டையின் கரை ஓட்டைக் கரை. மார்கழியில் ததும்பும் தண்ணீர் மாசியிலேயே கசிந்து ஓடிவிடும். போன சித்திரையில் இரண்டு மான்குட்டிகளும் ஒரு முயல்குட்டியும் நாக்கு வெளியே தள்ளிச் செத்துப்போயின. குழி தோண்டியவள் வேலாத்தா. தோண்டி முடித்த கையோடு, “இனி இதுகளை நான் பார்த்துக்கிறேன்” என்று காப்பகத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

இந்த வருட ஐப்பசி மழையில் கரை பெரிதாக உடைத்துக்கொண்டது. களிமண்ணை அள்ளி அள்ளி வைத்தாள். வழுக்கிக்கொண்டு போயிற்று. சுவர் வைக்கிறவர்கள் மண்ணில் வைக்கோல் கலப்பார்களே, அது அவள் நினைவுக்கு வந்தது. வைக்கோலுக்கு எங்கே போவது? சேமிப்புக் குகையில் ஏழு வருட இறகு மலையாய்க் கிடந்தது. படுக்கைகளிலும் கிடந்தது. அத்தனையையும் இழுத்து வந்து களிமண்ணில் மிதித்துக் குழைத்துக் கரையை அடைத்தாள். கரை நின்றது! தண்ணீரும் நின்றது!

அங்கேதான் சிக்கல். வாத்துகளின் கொடைக்கு ஒரு நிபந்தனை உண்டு. இறகு படுக்கைக்கு மட்டும்தான். வேறு எதற்காவது எடுத்தால், இறகோடு கோதுமையும் நின்றுபோகும். ஒவ்வொரு வருடமும் தலைவியே வந்து படுக்கைகளைத் தடவிப் பார்ப்பாள்.

“படுக்கை எல்லாம் காலியா கிடக்குதுங்ண்ணா” என்றாள் வேலாத்தா மெல்ல.

மாரப்பன் பாறையிலிருந்து குதித்தான். “எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் வழி வெச்சிருக்கேன். ஓடையோரம் நாணல் பூத்திருக்குது. பஞ்சு மாதிரி வெள்ளை வெளேர்னு இருக்கும். அள்ளிப் படுக்கையில அடைச்சிரு! தூர நின்னு பார்த்தா வித்தியாசமே தெரியாது!”

“தடவிப் பார்ப்பாங்களே?”

“குட்டிகளை மேல படுக்க வெச்சிரலாம்! நடுங்கிக்கிட்டே படுத்திருந்தா எந்த மகராசி எழுப்பிப் பார்ப்பா?”

வேலாத்தா மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். இருபத்து மூன்று வயிறு அவள் கண்முன் நின்றது. ஓடைக்குப் போனாள். நாணல் பூவை வாரிக்கொண்டு வந்தாள். ஒரு படுக்கையை நிரப்பினாள். அசல் போலவே இருந்தது.

அடுத்த படுக்கைக்குக் குனிந்தபோது, படுக்கை ஓரத்துச் சுள்ளியில் ஒரு பழைய இறகு சிக்கியிருந்ததைக் கண்டாள். எடுத்துப் பார்த்தாள். அதன் அடிக்காம்பில் கடுகளவு ரத்தம் காய்ந்திருந்தது.

உதிர்ந்த இறகில் ரத்தம் இருக்காது. இது பிடுங்கிய இறகு! முள்ளைப் பிடுங்கினால் எப்படி வலிக்கும் என்று முள்ளம்பன்றிக்குத் தெரியாதா? பொதி பொதியாக வந்ததெல்லாம் உயிரோடு பிடுங்கியதா! வேலாத்தா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

எழுந்தாள். நாணல் பூவை ஒன்றுவிடாமல் வாரி வெளியே கொட்டினாள்.

“ஏ அம்மணி! உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?” என்று அலறினான் மாரப்பன்.

“இல்லீங்ண்ணா. இப்பத்தான் தெளிஞ்சிருக்குது.”

மறுநாள் காலையில் வானம் முழுக்க வாத்துச் சத்தம். கூட்டம் குட்டையில் இறங்கியது. தலைவி கரையேறி வந்தாள். தலையில் இரண்டு கறுப்புப் பட்டை இருந்ததால் காட்டுக்காரர்கள் அவளைப் பட்டையம்மா என்றே அழைத்தார்கள். வந்த நாட்டுப் பேச்சை இலக்கணம் பார்த்துக் கற்றவள். ஆகையால் திருத்தமாகத்தான் பேசுவாள்.

“நலமா, நண்பரே? பிள்ளைகள் எங்கே? படுக்கைகளைப் பார்க்கலாமா?”

மாரப்பன் வாயைத் திறப்பதற்குள் வேலாத்தா முன்னால் வந்தாள். “படுக்கையில இறகு இல்லீங்கம்மா. நான் எடுத்துட்டேன்.”



“எடுத்துவிட்டாயா? எதற்கு?”

“கரை உடைஞ்சுதுங்க. மண்ணுல குழைச்சு அடைச்சுட்டேன். உங்களைக் கேக்காம செஞ்சது என் தப்புத்தான். கேக்கறதுக்கு நீங்க பக்கத்துல இல்லீங்க. தண்ணி காத்திருக்காதுங்களே!”

பட்டையம்மாவின் கழுத்து விறைத்தது. “நிபந்தனை என்ன என்று உனக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“குளிரில் நடுங்கும் குழந்தைகளின் படுக்கையைப் பிடுங்கி மண்ணில் மிதித்திருக்கிறாய்!”

“அதுக குளிர்ல நடுங்கலீங்கம்மா.”

“நானே என் கண்ணால் பார்த்தேனே! ஏழு வருடமாகப் பார்க்கிறேன்! பற்கள் எப்படி அடித்துக்கொண்டன!”

“அது மாரப்ப மாமா சொல்லிக்குடுத்ததுங்க!” என்று கூட்டத்துக்குள்ளிருந்து கத்தியது தவிட்டி. “நேத்துக்கூட ஒத்திகை நடந்துச்சு! நான் நல்லா நடுங்குவேன். நடுங்கிக் காட்டட்டுங்களா?”

கேட்டதோடு நிற்கவில்லை. வெயிலில் நின்று அருமையாக நடுங்கியும் காட்டியது. மாரப்பன் மெதுவாகப் பாறைக்குப் பின்னால் நழுவினான்.

பட்டையம்மா தன் நெஞ்சின் மேலிறகை அலகால் விலக்கினாள். அடியில் மெல்லிய இறகு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தோல் சிவந்து கிடந்தது.

“ஏழு வருடம்” என்றாள். “இதைப் பிடுங்கிக்கொண்டு பனிமலையைத் தாண்டினோம். என் தங்கை இந்த வெற்று நெஞ்சோடு மலைமேல் விறைத்துச் செத்தாள். அத்தனையும் ஒத்திகைக்கா?”

வேலாத்தாவின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. “அதனாலதானுங்கம்மா உண்மையைச் சொல்றேன். உங்க ரத்தத்தைக் குகையில சும்மா போட்டு வெச்சுட்டு, உங்க முன்னாடி நின்னு நன்றி சொன்னோம். நேத்து நானும் நாணல் பூவை அடைச்சு உங்களை ஏமாத்தப் பார்த்தேன். இன்னொரு வருசம் அந்தப் பாவம் வேண்டாமுங்க. கோதுமையை நிறுத்தினா நிறுத்திக்குங்க. நான் காடு முழுக்கக் கிழங்கு தோண்டியாவது இதுகளைக் காப்பாத்துவேன். ஒண்ணே ஒண்ணு. எங்க சித்திரையை ஒருதரம் பார்த்துட்டு நிறுத்துங்க.”

“சித்திரையில் என்ன இருக்கிறது?”

“மூணு குழி இருக்குதுங்க. நான் தோண்டினது. எல்லாம் தண்ணியில்லாமச் செத்ததுக.”

காப்பகத்துக்குப் பின்னால் அழைத்துப் போய்க் காட்டினாள். இரண்டு பெரிய மேடு, ஒரு சின்ன மேடு. பட்டையம்மா வெகுநேரம் அங்கே நின்றாள். திரும்பி வந்து தன் கூட்டத்திடம், “கொண்டுவந்த இறகுப் பொதிகளைப் பிரிக்க வேண்டாம். கோதுமைப் பொதிகளும் அப்படியே கட்டோடு இருக்கட்டும். நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று மட்டும் சொன்னாள்.

வேலாத்தா தோண்டிய கிழங்கிலேயே குட்டிகளின் வயிறு ஓடிக்கொண்டிருக்க, பங்குனி வந்தது. வாத்துகள் வடக்கே கிளம்பின. பட்டையம்மா கிளம்பவில்லை.

“செத்துப்போவீங்கம்மா!” என்று பதறினாள் வேலாத்தா.

“நான் பார்க்கவேண்டும் என்று நீதானே சொன்னாய்?”

சித்திரை பிறந்தது. அடேயப்பா, என்ன வெயில்! பாறை அடுப்பாகக் காய்ந்தது. அக்கம்பக்கத்துக் குட்டைகள் எல்லாம் வெடித்துப் பாளம் பாளமாய்ப் பிளந்தன. பனிமலைப் பறவை இரண்டு சிறகையும் விரித்துப்போட்டு, வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது. ஆலாங்குட்டையில் மட்டும் தண்ணீர் முழங்கால் ஆழம் நின்றது. தண்ணீரிலேயே கிடந்துதான் பட்டையம்மா உயிர் பிழைத்தாள்.

அக்கினி வெயிலின் உச்சியில் ஒருநாள், குட்டிகள் வரிசையாக வந்து தண்ணீர் குடித்தன. பட்டையம்மா ஒவ்வொன்றாகத் தலையை எண்ணினாள். சந்தேகத்தோடு மறுபடி எண்ணினாள். இருபத்து மூன்றும் இருந்தன.

கோதுமைப் பொதிகளைப் பிரிக்கச் சொல்லிவிட்டுக் கரைக்குப் போனாள். காய்ந்து இறுகிய களிமண்ணில் அங்கங்கே வெள்ளை நூலாய் இறகு தெரிந்தது. அலகால் இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. கரை அதைப் பிடித்திருந்தது; அது கரையைப் பிடித்திருந்தது.

“என் தங்கையின் இறகும் இதில் இருக்குமா?” என்று கேட்டாள்.

“ஏழு வருச இறகும் இருக்குதுங்கம்மா. ஒண்ணுகூட வீணாப் போகலீங்க.”

பட்டையம்மா கரைமேல் நெஞ்சு படியப் படுத்துக்கொண்டாள். வேலாத்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முட்கள் எல்லாம் படிந்திருந்தன. இப்படி ஒருத்தியைப் பொறுப்பில் வைக்க எந்தக் காப்பகமும் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று இந்தக் கதை சொல்கிறவனுக்குத் தோன்றுகிறது. கரையை அடைக்கப் பலருக்குத் தெரியும். கோதுமை கையைவிட்டுப் போகுமென்று தெரிந்தும் வாயைத் திறக்க எத்தனை பேருக்கு வரும்?

குட்டிகள் குடித்து முடித்துத் தண்ணீரை அடித்து விளையாடத் தொடங்கின. மாரப்பன் மேல்பக்கத்துக் கரைக்கு மண் சுமந்துகொண்டிருந்தான். யாரும் அவனை ‘நண்பரே’ என்று கூப்பிடவில்லை. தவிட்டி மட்டும், “வேகமா வாங்க மாமா!” என்று கூப்பிட்டது.

கோடை மழை பெய்து வானம் குளிர்ந்த நாளில் பட்டையம்மா வடக்கே புறப்பட்டாள். சிறகை விரித்தவள், மறுபடி மடக்கிக்கொண்டு வேலாத்தாவிடம் திரும்பி வந்தாள். ஏழு வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

“வேலாத்தா, அடுத்த மார்கழிக்கு உங்களுக்கு என்ன வேண்டும்?”

நீதி: கொடுப்பவர் மனம் குளிரப் பொய்யாய் நன்றி சொல்வதைவிட, உள்ள தேவையை உள்ளபடி சொல்வதே கொடைக்குச் செய்யும் மரியாதை.