முள்ளம்பன்றி வைத்த குணப் பரீட்சை

மலையடிவாரக் காட்டில் ஒரு முள்ளம்பன்றி தன் மனைவியோடு வளை தோண்டி வாழ்ந்தது. வளைக்குள் இரண்டு பச்சைக் குட்டிகள். குட்டிகளின் முள் இன்னும் முற்றவில்லை. தொட்டால் கோரைப்புல் மாதிரி வளையும்.

அந்தக் கோடையில் பக்கத்தில் எங்கும் கிழங்கு கிடைக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து ஓடைக்கு அக்கரையில் போய்த் தோண்டினால்தான் வயிறு நிறையும். அப்போது குட்டிகளை யார் பார்த்துக்கொள்வது? போதாக்குறைக்கு ஒரு செந்நாய் வேறு அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது.

"வீரனாகப் பார்த்துக் காவல் வைக்க வேண்டும். யார் வீரன் என்று கண்டுபிடிக்க நானே ஒரு பரீட்சை வைக்கிறேன்" என்றது முள்ளம்பன்றி.

உட்கார்ந்து, மண்டையைக் குடைந்து, கேள்விகளைத் தயார் செய்தது. ஆபத்து வந்தால் ஓடுவாயா, நிற்பாயா? நின்றால் எதிரிக்கு முகத்தைக் காட்டுவாயா, முதுகைக் காட்டுவாயா? உனக்குப் பிடித்தது புல்லா, கிழங்கா? முள்ளெல்லாம் முதுகில் இருக்கிற பிராணிக்கு வேறு என்ன தோன்றும்! நிற்கிறவன், முதுகைக் காட்டுகிறவன், கிழங்கு தின்கிறவன், அவன்தான் வீரன். மற்றவர்கள் எல்லாம் கோழை.

மனைவி கேட்டுவிட்டுச் சிரித்தது. "இதில் நீங்கள் தோற்கிற கேள்வி ஒன்றாவது இருக்கிறதா?"

முள்ளம்பன்றிக்குச் சுருக்கென்றது. தோற்க நான் என்ன கோழையா என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போய்விட்டது.

பரீட்சைக்கு முதலில் வந்தது பக்கத்துப் புதரில் இருந்த முயல். அக்கம்பக்கம் என்றால் உதவ வேண்டாமா என்றுதான் வந்தது. ஆபத்து வந்தால் ஓடுவேன் என்று உள்ளதைச் சொன்னது. புல்தான் பிடிக்கும் என்றும் சொன்னது.

"சுத்தக் கோழை! என் பிள்ளைகளை உன்னிடம் விட்டால் உருப்பட்ட மாதிரிதான்" என்றது முள்ளம்பன்றி. முயலுக்கு முகம் வாடிவிட்டது. புதருக்குத் திரும்பியது.

அடுத்து வந்தது குரங்கு. அது கேள்வியைக் காதில் வாங்கவில்லை, கேட்கிறவர் முகத்தைப் பார்த்தது. முகம் எந்தப் பதிலுக்கு மலர்கிறதோ அந்தப் பதிலைச் சொன்னது. நிற்பேன் என்றது, முதுகைத்தான் காட்டுவேன் என்றது, கிழங்கு என்றால் உயிர் என்றது. முள்ளம்பன்றி பூரித்துப்போனது. அசப்பில் நானேதான் என்று மனைவியிடம் சொல்லி, குரங்கை வளை வாசலில் உட்காரவைத்துவிட்டு இரண்டும் கிளம்பின.

திரும்பி வரும்போது தூரத்திலேயே பார்த்துவிட்டன. செந்நாய் வளை வாசல் மண்ணை முன்னங்காலால் பறித்துக்கொண்டிருந்தது. குரங்கு மர உச்சியில் இருந்தது. இரண்டும் கிழங்கைப் போட்டுவிட்டு ஓடின. ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அப்போது புதரிலிருந்து முயல் பாய்ந்தது. செந்நாயின் மூக்கை உரசிக்கொண்டு குறுக்கே ஓடியது. கண்ணெதிரே ஓடுகிற இரையைச் செந்நாய் விடுமா? மண்ணைப் பறிப்பதை விட்டுவிட்டுத் துரத்தியது. முயல் ஓடை மேட்டில் ஏறி, முள்காட்டுக்குள் புகுந்து மறைந்தது. செந்நாய் உடம்பெல்லாம் கீறலோடு வேறு திசையில் நொண்டிக்கொண்டு போனது.

குட்டிகள் பத்திரமாக இருந்தன. முள்ளம்பன்றி மரத்தை அண்ணாந்து பார்த்துக் கத்தியது. "நிற்பேன் என்றாயே!"

"நீங்கள் பதில்தானே கேட்டீர்கள்?" என்றது குரங்கு.

பொழுது சாயும்போது முயல் இளைக்க இளைக்கத் திரும்பி வந்தது. முள்ளம்பன்றி அதன் முன்னால் தலைகுனிந்து நின்றது.

"ஓடிவிடுவேன் என்றாயே அம்மா?"

"ஓடத்தான் செய்தேன். குட்டிகள் இல்லாத பக்கமாக ஓடினேன்" என்றது முயல்.

தன்னைப் போலவே இருப்பவன்தான் நல்லவன் என்று அளவுகோல் செய்கிறவன், நல்லவர்களை விரட்டிவிட்டு நடிப்பவர்களிடம் ஏமாறுவான்.