மலைக்குப் போன குளியலறைக் கயிறு

வேங்கைமங்கலத்து இளவழுதி ராஜாவுக்குச் சனிக்கிழமை என்றால் எண்ணெய்க் குளியல். ராஜ்யமே தலைகீழாகப் புரண்டாலும் அது மட்டும் தவறக் கூடாது. அன்றைக்கும் உச்சந்தலையில் நல்லெண்ணெய், அதற்கு மேல் சீயக்காய். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுவரில் தொங்கிய கயிற்றை இழுத்தார். ஒரு தடவை இழுத்தால் வெந்நீர் கொட்டும், இரண்டு தடவை இழுத்தால் கதவு திறக்கும். யந்திரராயர் என்ற கெட்டிக்காரச் சிற்பி செய்து கொடுத்த அற்புதம் அது.

இழுத்தார். தண்ணீர் வரவில்லை. மறுபடி இழுத்தார். ம்ஹூம்!

"யாரடா அங்கே! கண்ணு எரியுதடா!"

"பொறுத்துக்கணும் மகாராஜா," என்றான் வெளியே நின்ற காவலாளி. "யந்திரத்தை மேம்படுத்தியிருக்காங்க!"

விஷயம் இதுதான். போன வாரம் யந்திரராயரின் ஆட்கள் வந்து, "இலவசமாக மேம்படுத்தித் தருகிறோம்" என்று இளித்துவிட்டுப் போனார்கள். அதுவரை சுவருக்குப் பின்னாலிருந்த சக்கரத்தைச் சுற்றிய கயிறு, இப்போது ஜன்னல் வழியே வெளியேறி, மதிலைத் தாண்டி, வயலைத் தாண்டி, எதிர்மலையில் இருக்கும் யந்திரராயர் பட்டறைக்குப் போகிறது. இங்கே இழுத்தால் அங்கே மணி அடிக்கும். அங்குள்ள ஆட்கள் மணியைக் கேட்டு ஒரு சங்கிலியை இழுத்தால்தான் இங்கே தண்ணீர் வரும், கதவும் திறக்கும். அன்று மலையில் புளியோதரை. எல்லோரும் இரண்டாம் முறை போட்டுக்கொண்டிருந்தார்கள். மணியாவது, மண்ணாவது!

ஒருவழியாகக் குளித்து வெளியே வந்த ராஜாவின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"கூப்பிடு பிச்சாண்டியை!"

பிச்சாண்டி சபையில் வாயை வைத்தே பிழைப்பு நடத்துகிறவர். ஓடி வந்தார்.

"கயிற்றை வெட்டி எறியச் சொல்லுங்களேன், மகாராஜா."

"எப்படி வெட்டுறது? வாக்குக் கொடுத்துட்டேனே! ஒப்பந்தத்தை வாசிச்சாங்க, வாசிச்சாங்க, வாசிச்சுக்கிட்டே இருந்தாங்க. எனக்குக் கண் அசந்துபோச்சு. கடைசியில 'சம்மதமா?'ன்னாங்க. சம்மதம்னுட்டேன்."

"அட, நாங்களும் தலையாட்டினோமே! ஒருத்தரும் கேட்கலையா?"

"உன் குறட்டைதான் எனக்குத் தாலாட்டு! கேளு. அரண்மனை ஆள் யாரும் யந்திரத்தில் கை வைக்கக் கூடாதாம். எந்த உத்தரவும் மலையிலிருந்துதான் வரணுமாம். யந்திரராயரே தன் கையால் பழையபடி மாற்றினால்தான் ஒப்பந்தம் முறியுமாம். இதெல்லாம் போகட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டைக் கதவையும் மேம்படுத்தப் போறானாம்!"

பிச்சாண்டியின் சிரிப்பு நின்றுபோனது. கோட்டைக் கதவா! எதிரி வந்து நின்றால், கதவைச் சாத்த மலையில் ஒருவன் சாப்பிட்டுக் கை கழுவி வர வேண்டுமா?

"என் ஊரையே கயித்துல கட்டி அவன் கையில குடுத்துட்டேனே, பிச்சாண்டி," என்றார் ராஜா. பாவம், உண்மையாகவே பயந்துவிட்டார்.

பிச்சாண்டி தாடையைச் சொறிந்தார். "மகாராஜா, செய்தவன் தனக்கென்று ஒரு வழி வைக்காமலா செய்திருப்பான்? அடுத்த சனிக்கிழமை யந்திரராயருக்கு ராஜமரியாதையோடு எண்ணெய்க் குளியல் ஏற்பாடு பண்ணுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

சனிக்கிழமை வந்தது. மீசையை முறுக்கிக்கொண்டு யந்திரராயரும் வந்தார். ராஜாவின் குளியலறையிலேயே குளியல் என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அதே நேரத்தில் மலைக்கும் போனது ராஜாவின் அன்பளிப்பு: குடம் குடமாக நல்லெண்ணெய், கூடை கூடையாகச் சீயக்காய், வடை பாயசத்தோடு விருந்து. ஆட்கள் குளித்தார்கள், மூக்கு முட்டத் தின்றார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் பகலில் தூங்கக் கூடாது என்பார்கள். யார் கேட்டார்கள்? மலையே கிடுகிடுக்கக் குறட்டை.

இங்கே யந்திரராயர் தலையெல்லாம் சீயக்காய் நுரையோடு கயிற்றை இழுத்தார். இழு இழு என்று இழுத்தார்.

"ஐயோ, கண்ணு! யாருமே இல்லையா?"

"நான் இருக்கேனே," என்றார் பிச்சாண்டி. கதவுக்கு வெளியே சம்மணம் போட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"ஓய் பிச்சாண்டி, கதவை உடையும்!"

"சிவசிவா! அரண்மனை ஆள் கை வைக்கக் கூடாதே!"

"நான்தான் சொல்றேனே, உடையுமய்யா!"

"உத்தரவு மலையிலிருந்து வரணுமே."

"அந்த மலைக்கே நான்தானய்யா எஜமான்!"

"உள்ளே இருக்கிறவர் யார் வேணும்னாலும் அப்படிச் சொல்லலாமே! நீங்க நீங்கதானான்னு மலையில கேட்டுவர ஆள் அனுப்பியிருக்கேன். நடந்துதான் போறார். கொஞ்சம் காலைத் தாங்கித் தாங்கி நடப்பார், நல்ல மனுஷன்."

"அடேய்! மூக்குக்குள்ள போயிடுச்சுடா!"

அப்புறம் உள்ளே ஏதோ கல் நகரும் சத்தம். 'டக்'கென்று ஒரு ஓசை, பிறகு கரகரவென்று ஏதோ சுற்றியது. அடுத்த நொடி சோவென்று வெந்நீர் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் கதவும் திறந்தது. ஈரத்துண்டோடு யந்திரராயர் நின்றார். அவர் கையில் விரல் நீளத்துக்கு ஒரு மரமுளை.

பழைய சக்கரம் போட்ட இடத்திலேயே இருந்திருக்கிறது! அது சுற்றாதபடி இந்த முளையைச் செருகி, ஒரு கல்லை வைத்து மறைத்ததுதான் அவர் செய்த பிரமாத வேலை.

"அடப்பாவி, இவ்வளவுதானா?" என்றார் ஓடிவந்த ராஜா.

"மகாராஜா, முளையைப் பிடுங்கினது யார் கை?"

"அவர் கை!"

"அப்போ ஒப்பந்தம்?"

"போயே போச்சு!" ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுக்கு இறங்கிவிட்டது. அன்று மாலை தானே போய்க் கோட்டைக் கதவைச் சாத்தினார், திறந்தார், ஆசை தீராமல் மறுபடியும் சாத்தினார். வெளியே மாட்டிக்கொண்ட பால்காரர்தான் கத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் சபையில் ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டியின் கழுத்தில் போட்டார். பிச்சாண்டி கையைப் பின்னால் விட்டுப் பிடரியைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"என்னய்யா தேடறே?"

"ஒண்ணுமில்லை மகாராஜா. இதைக் கழற்றுகிற கொக்கி என் கழுத்திலேயேதானே இருக்கு? மலையில இல்லையே?"