நடுவழியில் நிற்காத கார்

புளியங்குட்டையில் நெல் விளையும், கடலை விளையும். புத்தி மட்டும் வானம் பார்த்த பயிர். அந்த ஊரில் மூக்கம்மாவுக்கு மூன்று அண்ணன்கள்: பெத்தணன், ஒச்சு, சோணை. மூன்று பேருக்கும் பொதுவில் ஒரு பழைய கார்.

அந்தக் காருக்கு ஒரு குணம். நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று லைட்டும் ஹாரனும் இன்ஜினும் ஒன்றாய்ச் செத்துப்போகும். பத்து நிமிஷம் கழித்து, தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி தானே சிரித்துக்கொண்டு கிளம்பும்.

வருகிற வெள்ளிக்கிழமை மூக்கம்மா மகளுக்குக் குலசாமி கோயிலில் காதுகுத்து. பத்தரைக்குள் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தாக வேண்டும். "உன் அண்ணன்மார் காரை நம்பினா, அவ கல்யாணத்தன்னைக்குத்தான் காது குத்தணும்" என்று மாமியார் ஊர் கேட்கச் சொல்லியிருந்தாள்.

"நடுவழியில நின்னுச்சுன்னா என் மானமே போச்சுண்ணே" என்றாள் மூக்கம்மா. காரோடு எல்லோரும் டவுன் மெக்கானிக் ரத்தினவேலுவிடம் போனார்கள். அங்கே கார் ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது.

"என் முன்னாடி யோக்கியமா ஓடுதே! அடுத்த தடவை அணைஞ்சதும் எதையும் தொடாதீங்க. எல்லாம் அப்படியே இருக்கட்டும். என்னைக் கூப்பிடுங்க."

திரும்பும் வழியில் வாய்க்கால் கரையில் கார் அணைந்தது. எல்லோரும் அப்படியே இருந்தார்கள். ஒச்சு பாதிக் கொட்டாவியில் இருந்தான், வாயை மூடவில்லை.

"மெக்கானிக்கைக் கூப்பிடுண்ணே" என்றாள் மூக்கம்மா, உதடு அசையாமல்.

"போன் சட்டைப் பையில இருக்கு ஆத்தா. கையை விட்டா அப்படியே இருந்ததா ஆகுமா?" என்றான் பெத்தணன்.

பத்து நிமிஷத்தில் லைட் வந்துவிட்டது. ஒச்சுவின் வாய்க்குள் ஒரு ஈ போய், சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததுதான் மிச்சம்.

மறுநாள் ரத்தினவேலு தலையில் அடித்துக்கொண்டான். "எங்கேயோ ஒரு ஒயர் லூசு. ஒண்ணொண்ணாக் கழட்டிப் பாருங்க. எதைக் கழட்டினதும் தொல்லை நிக்குதோ, அங்கதான் கோளாறு."

ஹாரனைக் கழட்டினார்கள், அணைந்தது. ரேடியோவைக் கழட்டினார்கள், அணைந்தது. சீட்டைக் கழட்டி, நெல் அளக்கிற மரக்காலைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து ஓட்டினார்கள்; அப்போதும் அணைந்தது.

"என்னையும் கழட்டிப் பாருங்கண்ணே. நான் ஏறினப்புறம்தான் நிக்குது" என்றான் சோணை, கண் கலங்க. அவனை இறக்கிவிட்டார்கள். கொஞ்ச தூரத்தில் கார் அணைந்தது. சோணை பின்னாலேயே ஓடிவந்து, பழி நீங்கிய சந்தோஷத்தில் எல்லோரையும் கட்டிக்கொண்டான்.

வியாழக்கிழமை பேட்டரியைக் கழட்டினார்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு தடவையாவது அணைஞ்சுதா?" என்று கேட்டான் பெத்தணன்.

"இல்லையேண்ணே! முழுசாப் பத்து மணி நேரம்! புதுக் காருகூட இப்படி இருக்காது."

மூக்கம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "லைட் எரியவே இல்லையேண்ணே?"

"எரிஞ்சாத்தானே ஆத்தா அணையும்?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பேட்டரியைக் கோணிச்சாக்கில் கட்டி, நெல் குதிருக்குள் போட்டு மூடினார்கள். சீட்டை மாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மூக்கம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். பெத்தணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்து தள்ள, ஒச்சுவும் சோணையும் பின்னால் தள்ளினார்கள். கோயில் ஆறு கிலோமீட்டர். பாதி வழியில் டவுன் பஸ் வந்து நின்றது.

"ஏறுங்கப்பா, கோயில் வாசல்லயே எறக்கி விடுறேன்" என்றார் கண்டக்டர்.

"சொந்தக் கார் இருக்கிறப்போ நமக்கு எதுக்குங்க பஸ்ஸு?" என்றான் பெத்தணன், மூச்சு வாங்க.

பத்து இருபதுக்குக் கோயில் வந்துவிட்டது. வேர்வையில் குளித்து நின்ற மூவரையும் மாமியார் ஏற இறங்கப் பார்த்தாள்; பானெட்டைத் தூக்கி உள்ளேயும் பார்த்தாள்.

"ஏண்டி, அம்புட்டுத் தூரமும் தள்ளிக்கிட்டா வந்தாங்க? பேட்டரி எங்கடி?"

மூக்கம்மா தலை நிமிர்ந்து இறங்கினாள்.

"நல்லாக் கேட்டீங்க அத்தை! அதை மாட்டிக்கிட்டு வந்து, நடுவழியில நின்னுபோச்சுன்னா யாரு தள்ளுறது?"