புளியங்குறிச்சி விலக்கில் நிற்காத பேருந்து

ஒரு வழக்கைச் சொல்கிறேன். இது எந்தக் கோர்ட்டுக்கும் போகவில்லை. கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

வல்லகுளத்திலிருந்து நகரத்துக்குப் புதிதாக நான்குவழிச் சாலை திறந்தார்கள். அதுவரை நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் பழைய சாலையில் ரயில்வே கேட்டிலும் சந்தை நெரிசலிலும் சிக்கி, வேலை தொடங்கும் முன்பே களைத்துப்போவார்கள். புதிய சாலை ஊர்களைத் தொடாமல் மேட்டில் ஏறி நேராகப் போனது. பேருந்துகள் ஒவ்வொன்றாக அதற்கு மாறின. மில்லுக்குப் போகிற பெண்களுக்குக் காலையில் இன்னும் கொஞ்சம் தூங்கக் கிடைத்தது. அதுவே அவர்களுக்குப் பெரிய வரம்.

பழைய சாலையில் இருந்த ஊர்க்காரர்களுக்கு, தலைக்கு மேலே வண்டிகள் போகும் இரைச்சல்தான் மிச்சம். ஷேர் ஆட்டோ வந்தால் உண்டு, வராவிட்டால் நடைதான்.

அப்படி ஒரு நிறுத்தம், ஊருக்குள் போகும் பாதை பிரிகிற புளியங்குறிச்சி விலக்கு. அங்கே கனகமணி என்ற பெண் ஏறுவாள். சிறுநீரகம் பழுதானவள். ஒருநாள் விட்டு ஒருநாள் நகரத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். கணவர் இல்லை, தனியாகத்தான் வருவாள். நகரத்தில் இருந்த தங்கை, "இங்கயே வந்து இருந்துக்கோக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இன்னொருவர் வீட்டில் போய் ஒண்டிக்கிடக்கக் கனகமணிக்கு மனம் ஒப்பவில்லை.

கடைசியில் பழைய சாலையில் ஓடியது ஒரே ஒரு தனியார் பேருந்து. அதன் கண்டக்டர் உலகநாதன் ஒருநாள் அவளிடம் சொன்னார்:

"அம்மா, இந்த வண்டியும் சீக்கிரமே மேல் ரோட்டுக்குப் போயிரும். இப்பமே தங்கச்சி வீட்டுக்குப் போற வழியப் பாருங்க."

கனகமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர் தவசிக்கனிக்குத் தாங்கவில்லை.

"அழாதீங்கம்மா. நான் ஸ்டியரிங் புடிக்கிற வரைக்கும் இந்த வண்டி உங்கள ஏத்தாமப் போவாது. இது என் வாக்கு."

அன்று மாலையே அவள் தங்கையிடம், வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அதன்பின் உலகநாதனிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. கல்நெஞ்சுக்காரன் என்று பேருந்தில் மற்றவர்களும் சொன்னார்கள். அவர் காதில் விழுந்தது. விழாதது போல இருந்துகொண்டார்.

தவசிக்கனி தன் வாக்கைக் காப்பாற்றினார். மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தது. முடிந்தவர்கள் வேறு வண்டிக்கு மாறினார்கள். அதிகாலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு வேறு வண்டி இல்லை. அவர்களில் ஒருத்தி ராஜகிளி. கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கிக்கொண்டு வருவாள். அந்த வண்டி தாமதமானதால் இரண்டு முறை மில் கேட்டில் எச்சரிக்கை வாங்கியிருந்தாள். மூன்றாவது முறை வேலையே போய்விடும்.

கூட்டம் குறைந்துகொண்டே போவதைப் பார்த்த பேருந்து முதலாளி, ஒருநாள் விடிகாலையில் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னையிலருந்து மேல் ரோடு. இஷ்டமில்லன்னா சாவியக் குடுத்துட்டு எறங்கிரு."

தவசிக்கனி வண்டியை எடுத்தார். சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் நிறுத்திவிட்டார்.

"அந்தம்மா அங்க நின்னுக்கிட்டு இருப்பாங்களே" என்றார்.

உலகநாதன் கனகமணிக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பின்னாலிருந்து ஒரு பெண் அழாத குறையாகக் கத்தினாள்: "அண்ணாச்சி, எங்க பொழப்ப யாரு பாக்க?" அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. தவசிக்கனி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அப்போதுதான் ராஜகிளி இறங்கினாள்.

"நீங்க போங்க அண்ணாச்சி. நான் ஆட்டோ புடிச்சு அவங்கள ஆஸ்பத்திரியில விட்டுருதேன்."

"ஒன் வேலை?"

"பாத்துக்கிடலாம்."

தியாகம் செய்கிறவளின் குரலாக அது இல்லை. சலித்துப்போன ஒருத்தி, அங்கே நடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் சொன்னதுபோல இருந்தது. பேருந்து மேட்டில் ஏறிப் போனது.

ஆட்டோ கிடைக்க வெகுநேரமானது. விலக்கில் கனகமணி தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கி, மூச்சு வாங்கியது.

"பஸ்சு வரலியாட்டி?"

"இனி வராதுக்கா. எந்திரிங்க."

ஆஸ்பத்திரியில் அவளுடைய படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம்தான் இடம் கிடைத்தது. அதுவரை ராஜகிளி அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். கனகமணி பிழைத்துக்கொண்டாள். ராஜகிளிக்கு மில் வேலை போய்விட்டது.

வாக்குக் கொடுத்து, முடிந்தவரை அதைக் காத்தவர் தவசிக்கனி. கசப்பான உண்மையைச் சொல்லிக் கெட்ட பெயர் வாங்கியவர் உலகநாதன். எந்தக் கடமையும் இல்லாமல் தன் பிழைப்பை விட்டுக்கொடுத்தவள் ராஜகிளி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ராஜகிளி என்றுதான் பலரும் சொல்வார்கள். அவள் செய்தது நன்மை, சந்தேகமே இல்லை. ஆனால் அதைச் சரி என்று விதித்துவிட்டால், ஒவ்வொரு காலையிலும் யாராவது ஒரு ராஜகிளி இறங்கியாக வேண்டும். தவசிக்கனி இரக்கத்தால் பேசினார். ஆனால் வண்டியும் அவருடையதல்ல, அதில் நின்றுகொண்டு வந்தவர்களின் நேரமும் அவருடையதல்ல. அந்த வாக்கை நம்பித்தான் கனகமணி இருந்த ஒரே வழியையும் அடைத்துக்கொண்டாள். வேறு ஏற்பாடு செய்ய அவகாசம் இருந்தபோதே உண்மையைச் சொன்னவர் உலகநாதன் ஒருவர்தான். ஆகவே அவர் செய்ததே சரி. கனகமணி இப்போது தங்கை வீட்டில் இருக்கிறாள். ராஜகிளி எப்போதாவது பார்க்கப் போனால், "டிரைவர் அண்ணாச்சி சொகமா இருக்காரா?" என்று தவறாமல் விசாரிப்பாள். உலகநாதனைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.