மாமரத்துக்குள் சொத்தை தேடியவர்

புயல் ஓய்ந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. ஒரு டிராக்டர் பெட்டி நிறைய மாமரத் துண்டுகளை ஏற்றிக்கொண்டு காசாம்புவின் கடைசல் பட்டறைக்கு வந்து சேர்ந்தார் பக்கிரிசாமி.

அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. காசாம்புவுக்கு நாற்பதுகூட இல்லை. விழுந்த மரம், இடித்த வீட்டு உத்திரம், எது கையில் கிடைத்தாலும் கயிறு இழுத்துச் சுழற்றிக் கிண்ணமாகக் கடைந்துவிடுவாள்.

"தொழில் கத்துக்கணும்," என்றார் அவர்.

"இந்த வயசுலயா அண்ணே?"

"இந்த ஒரு மரத்துல மட்டும் கத்துக்கிட்டாப் போதும்."

"எங்க இருந்த மரம்?"

"எங்க வீட்டு மேல கிடந்த மரம்."

காசாம்பு அதற்கு மேல் கேட்கவில்லை. சுற்றுவட்டாரத்துக்கே தெரிந்த கதைதான். புயலுக்கு முதல் நாள் அவர் மகன் மதிவாணன் அரிவாளோடு அந்த மரத்தடியில் நின்றான். "அப்பா, காத்து பலமா இருக்கும்ங்கிறாங்க. கொப்பு கிளையெல்லாம் கழிச்சிடலாம்" என்றான். அவர்தான் தடுத்தார். "தை பொறந்தாப் பூக்கிற மரம்டா. இப்பக் கழிச்சா இந்த வருசம் காயே இருக்காது."

விடிந்தபோது மரம் வீட்டின் மேல் கிடந்தது. அதன் அடியில் மதிவாணன்.

காரியம் முடிந்த அன்றே அவர் மனைவி தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

காசாம்பு கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் இழுத்தார். அவள் உளி பிடித்தாள்.

மூன்றாம் நாள் அவராகவே பேசினார்.

"கொப்பைக் கழிச்சிருந்தா இது நின்னிருக்குமா? இல்ல, உள்ளுக்குள்ள சொத்தையா இருந்து எப்படியும் விழுந்திருக்குமா? அதைத்தான் பார்க்கணும் தங்கச்சி. சொத்தையா மட்டும் இருந்துட்டா..."

"கோடாலியால பிளந்து பார்த்திருக்கலாமே?"

"பார்த்தேன். பிளந்தா ரெண்டு முகம்தான் தெரியுது. நடுவுல என்னன்னு தெரியலை. நூல் நூலா உள்ள போகணும்."

"அப்ப இழுங்கண்ணே," என்றாள்.

ஒரு மாதம் கழித்து அவள் உளியை அவரிடம் தந்துவிட்டுக் கயிற்றைத் தான் வாங்கிக்கொண்டாள். அவர் கடைந்த முதல் கிண்ணம் கோணல். அடுத்தது அதைவிடக் கோணல். ஏழாவதிலிருந்து கிண்ணங்கள் உருண்டு திரண்டு வந்தன. அவர் ஒன்றையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சீவல்களைத்தான் அள்ளி அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வண்டு துளைத்த ஓட்டை இருக்கிறதா? கருப்பு இருக்கிறதா? மட்கிய வாடையாவது அடிக்கிறதா?

மஞ்சள் பூத்த நல்ல மரம். சீவல்கூட முறியாமல் சுருள் சுருளாக விழுந்தது.

அவர் ஒதுக்கிப் போட்ட கிண்ணங்களுக்கு எண்ணெய் பூசி, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த வீடிழந்த சனங்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள் காசாம்பு. அவர்கள் அதில் கஞ்சி குடித்தார்கள். யார் குடித்தார்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள், சுழலும் மரத்தில் ஒரு கருங்கோடு தெரிந்தது.

"சொத்தை! காசாம்பு, சொத்தை!"

மூன்று மாதத்தில் அன்றுதான் அவர் குரல் உயர்ந்தது. உளியை அழுத்தினார். கோடு அகன்றது. இன்னும் அழுத்தினார். கிறீச்சென்று சத்தம் வந்தது. உளி துள்ளி விழுந்தது.

காசாம்பு கயிற்றை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"சொத்தை இல்லண்ணே. இரும்புக் கறை. உள்ள ஆணி இருக்கு."

குறட்டால் பிடித்து இழுத்தாள். துருப்பிடித்த ஆணி ஒன்று வெளியே வந்தது. பக்கிரிசாமி அதை வாங்கித் துருவைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"ஒம்போது வயசுல அடிச்சான். சைக்கிள் டயர் மாட்டி வைக்கிறதுக்கு."

"ம்."

"மரம் கெட்டுப்போயிடும்னு அன்னைக்கு அவனை அடிச்சேன்."

அவள் கயிற்றைச் சுருட்டப் போனாள். "இன்னைக்குப் போதும்ணே."

"வேண்டாம். இழு."

இழுத்தாள்.

பங்குனி முதல் வாரத்தில் கடைசித் துண்டும் முடிந்தது. கிண்ணத்தின் அடிப்பாகம் வரைக்கும் கடைந்து பார்த்தார். அதற்கு மேல் போனால் ஓட்டைதான் விழும். போனார். ஓட்டை விழுந்தது. ஓட்டையின் விளிம்பிலும் மரம் மஞ்சளாக, சுத்தமாக இருந்தது.

அவர் சீவல் குவியலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சொத்தை இல்ல."

"இல்லண்ணே."

"நின்னிருக்கும். கொப்பைக் கழிச்சிருந்தா நின்னிருக்கும்."

காசாம்பு மறுக்கவில்லை. நின்றிருக்காது என்று ஒரு பேச்சுக்காவது சொல்லுவாள் என்று அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"டிராக்டர் பெட்டியிலேருந்து எறக்கிப் போட்டப்பவே. சொத்தை மரம் விழுந்தா சத்தம் பொதபொதன்னு கேக்கும்."

"முதல் நாளே தெரியுமா?" அவர் சீவலை விட்டு எழுந்தார். "நாலு மாசமாச்சு தங்கச்சி. ஒவ்வொரு துண்டையும் இன்னைக்கு இருக்கும், நாளைக்கு இருக்கும்னு... அன்னைக்கே ஏன் சொல்லலை?"

காசாம்பு உளியைத் துணியால் துடைத்துக் கூரை எரவாணத்தில் செருகினாள்.

"சொல்லியிருந்தா, மறுநாள் விடிஞ்சதும் நீங்க எங்க போயிருப்பீங்கண்ணே?"

பக்கிரிசாமி சுற்றிலும் பார்த்தார். பட்டறைத் தரையில் கடைவதற்கு ஒரு துண்டுகூட மிச்சமில்லை.