கயத்தான் சாரின் கத்தாளைக் கட்டுரை

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது. தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ விரல்முட்டியால் வள்ளத்தின் பலகையைத் தட்டுவதுபோல. மூன்று தட்டு, சற்று இடைவெளி, மறுபடி மூன்று.

கயத்தான் சார் பலகையிலிருந்து காலைத் தூக்கிக்கொண்டார்.

ஆறு கடலில் சேரும் இடம் அது. வள்ளத்தில் இருவர்தான். ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் கயத்தான். மற்றவன் அவருடைய பக்கத்து வீட்டு மீனவன் இஞ்ஞாசி.

இஞ்ஞாசியின் முகம் மலர்ந்தது. துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, அதன் மேல்நுனியில் காதை வைத்தான். கத்தாளை மீன் கூட்டமாக வரும்போது இப்படித்தான் கத்தும். அந்த ஊரில் அதைத் துடுப்பின் வழியே கேட்டு, எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று கணித்து வலை விடுவார்கள். வருடத்தில் இரண்டு மூன்று இரவுதான் அந்தக் கூட்டம் ஆற்றுவாய்க்கு வரும்.

கயத்தான் சாருக்கும் இது தெரியும். முப்பது வருடமாக மீன்பிடிப்பைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறவர். கத்தாளையின் சத்தத்தைப் பற்றி மட்டும் நான்கு கட்டுரை எழுதியிருந்தார். நான்கிலும் அது தூரத்து மத்தளம்போல ஒலித்தது. ஆனால் அவர் தூண்டில் போட்டதெல்லாம் பகலில், கரையில் உட்கார்ந்து. இருட்டில் வள்ளம் ஏறியது அன்றுதான் முதல்முறை.

"திருப்பு," என்றார்.

மீன்தான் என்று இஞ்ஞாசி சொல்லிப் பார்த்தான். அவர் கேட்கவில்லை. அடியில் ஆள் இருக்கிறது என்றார். சட்டைப்பையில் செபமாலையைத் தேடினார். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளைபோல அழுதார். இஞ்ஞாசி சற்று நேரம் தண்ணீரையே பார்த்திருந்தான். பிறகு வலையை விடாமலே வள்ளத்தைத் திருப்பினான்.

மறுநாள் கடற்கரையில் எல்லோரும் கேட்டார்கள், கத்தாளை வந்த இரவில் வெறும் வள்ளத்தோடு வந்தது ஏன் என்று. வலை கிழிந்திருந்தது என்றான் இஞ்ஞாசி. கிழிந்த வலையோடு தொழிலுக்குப் போனவன் என்று அவனுக்குப் பேர் வந்தது. டீக்கடையில் அவன் வழக்கமாக உட்காரும் இடத்தில் யாரோ ஒரு நூல்கண்டை வைத்துவிட்டுப் போனார்கள். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு டீ குடித்தான்.

கயத்தான் சார் மனைவியை இழந்தவர், தனியாக இருக்கிறவர். பத்து நாள் அவர் வெளியே வரவில்லை. இஞ்ஞாசி தினமும் அவர் வாசலைத் தாண்டும்போது, சாப்பிட்டாயிற்றா என்று எப்போதும்போலக் கேட்டுவிட்டுப் போனான். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பதினோராம் நாள் 'கத்தாளை இரவு' என்ற கட்டுரையை எழுதி முடித்தார்.

எதை எழுதினாலும் முதலில் பிரகாசியிடம் கொண்டுபோவது அவர் வழக்கம்.

பிரகாசிக்கு முப்பத்தொரு வயது. கோயில் வாசகசாலையைப் பார்த்துக்கொள்கிறவள். எட்டாம் வகுப்பில் அவரிடம் தமிழ் படித்தவள். சொந்தமாக ஒரு வரிகூட எழுதியதில்லை. ஆனால் அந்த ஊரில் மீனைப் பற்றி எழுதுகிற மூன்று பேரும் எழுத்துக் கற்றுக்கொள்ள அவளிடம்தான் வந்தார்கள். அவர்களில் ஒருவர் தான் பிடித்த மீனின் நீளத்தை இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கட்டுரையை நான் வாசிக்கிறேன், முடியும்வரை கையை இறக்கக் கூடாது என்றாள் பிரகாசி. மறுவாரம் அந்தக் கட்டுரை பாதியாகச் சுருங்கி வந்தது. மீனும் சுருங்கியிருந்தது.

கயத்தான் சார் அவளிடம் வந்தது நான்கு வருடத்துக்கு முன்பு. தன் கட்டுரைகளைத் தொகுத்துப் போட்ட புத்தகத்தை யாரும் முழுதாகப் படிப்பதில்லையே, ஏன் என்று கேட்டார். அவள் அலமாரியிலிருந்து இரண்டு மீன்பிடிப் புத்தகங்களை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஒன்று நகரத்துப் பெரிய மனிதர் எழுதியது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு பெரிய மீன், அதைத் தூக்கிப் பிடித்தபடி அவர். அதில் இன்னும் அச்சகத்து மை மணத்தது. மற்றது மெலிசு. ஒரு நாள் முழுக்கத் தூண்டில் போட்டுத் தன் தொப்பியையே பிடித்த ஒரு மனிதர் எழுதியது. அதில் மீன்வாடை அடித்தது. டீக்கறை இருந்தது. பக்கங்களுக்கு நடுவே காய்ந்த செதில் ஒட்டியிருந்தது.

"என் புத்தகம்?" என்று கேட்டார்.

எடுத்துக் கொடுத்தாள். நல்ல மை மணம்.

"உங்க வள்ளத்துல நீங்களும் மீனும் மட்டும்தான் இருக்கீங்க சார். நாங்க எங்க உட்கார?"

அன்றிலிருந்து அவர் அவளுடைய மாணவர். சார் இப்போதுதான் எட்டாம் வகுப்பு பாஸாகப் போகிறார் என்று ஊர் கேலி செய்தது. அவர் பொருட்படுத்தவில்லை.

இந்த முறை அவர் போனபோது பிரகாசி பழைய புத்தகங்களுக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். உத்திரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில் அவளுடைய ஏழு மாதப் பெண்குழந்தை தூங்கியது. தொட்டிலின் கயிறு அவள் கால்விரலில் மாட்டியிருந்தது. மூச்சு வருகிறதா என்று பார்ப்பவள்போல அடிக்கடி தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாதா திருவிழாவில் ஊருக்கு முன்னால் இதை வாசிக்கும்படி ஃபாதர் சொல்லியிருப்பதாகக் கயத்தான் சார் சொன்னார். அதற்கு முன் அவள் கேட்டுவிட வேண்டும்.

வாசித்தார். கட்டுரையில் இரவு அழகாக இருந்தது. தண்ணீருக்கு அடியில் மத்தளம் ஒலித்தது. எழுத்தாளர் துடுப்பில் காது வைத்து அதை ரசித்தார். பெயர் சொல்லாத ஒரு வள்ளக்காரன் மட்டும் அந்தச் சத்தத்துக்கு மிரண்டுபோய், வலை கிழிந்திருக்கிறது, திரும்பிவிடலாம் என்றான். எழுத்தாளர் வாய்விட்டுச் சிரித்து அவனுக்குத் தைரியம் சொன்னார்.

பிரகாசியின் கை நிற்காமல் பசை தடவிக்கொண்டிருந்தது.

"இஞ்ஞாசி அண்ணன் பேரு இல்லையே."

"பேரு எதுக்கு? பொதுவா எழுதியிருக்கேன்."

அவள் அட்டையை அழுத்தி ஒட்டினாள்.

"நீங்க சிரிச்சதா வருது."

"ஆமா."

"எப்படிச் சிரிச்சீங்க? அதே மாதிரி ஒரு தடவை சிரிச்சுக் காட்டுங்க சார்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கேலி தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். சிரித்தார்.

தொட்டிலில் குழந்தை திடுக்கிட்டு விழித்து வீரிட்டது.

பிரகாசி அள்ளி எடுத்துத் தோளில் போட்டுத் தட்டினாள். குழந்தை அவரைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து அழுதது. அவர் தாள்களை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

குழந்தை அடங்குவதற்குள் அவர் நடந்ததைச் சொல்லிவிட்டிருந்தார். திருப்பச் சொன்னது, அழுதது, அந்த வலையில் ஒரு கண்கூடக் கிழிந்திருக்காதது. அவளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பசைக் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இதைக் கிழிச்சுப் போட்டுடட்டுமா?"

"போடலாம். அந்த அண்ணனுக்கு வச்ச பேரு அப்படியே இருக்கும்."

"உள்ளதை எழுதினா, இனி நான் மீனைப் பத்தி எழுதுறதை யாரு படிப்பா, பிரகாசி?"

அவள் குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள்.

"போகும்போது சத்தம் போடாம போங்க சார்," என்றாள்.

அவர் நான்கு நாள் எழுதினார். 'பயந்தேன்' என்று எழுதினார். அன்று மாலை அதற்கு முன்னால் 'சற்றே' என்று சேர்த்தார். மறுநாள் காலை 'சற்றே'யை அடித்தார். அழுத இடத்தில் 'கண்கள் பனித்தன' என்று வந்தது. அதையும் அடித்துவிட்டு 'அழுதேன்' என்று எழுதினார். அந்த ஒரு சொல்லை எழுதியதும் நாற்காலியை விட்டு எழுந்து, வீட்டுக்குள்ளேயே வெகுநேரம் நடந்தார்.

ஞாயிறு மாலை கோயில் முன்னால் மணலில் ஊர் உட்கார்ந்திருந்தது. இஞ்ஞாசி ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் இருந்தான். பிரகாசி பெண்கள் பக்கம், மடியில் குழந்தையோடு.

கயத்தான் சார் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று வாசித்தார். பலகையைத் தட்டிய சத்தம் வந்தது. இதற்கு முன் மத்தளம் என்று எழுதிய நான்கு தடவையும் தான் அதைக் கேட்டதே இல்லை என்பதும் வந்தது. அவர் அழுத இடத்தில் முன்வரிசை சிரித்தது. இன்றைக்கு வீட்டுக்குத் தனியாகப் போய்விடுவீர்களா சார், துணைக்கு வரவா என்று ஒருவன் கேட்டான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. சிரிப்பு அடங்கும்வரை தாளைப் பார்த்தபடி நின்றுவிட்டு மேலே வாசித்தார்.

வலை கிழியவில்லை என்ற வரி வந்தது.

தலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் திரும்பின. இஞ்ஞாசி மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவர் அவன் முதுகில் கை வைத்தார்.

கடைசிப் பகுதி சிறியது. எதிர்நீரோட்டத்தில் இஞ்ஞாசி ஒற்றை ஆளாகத் துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தான். நடக்க முடியாத அவரைக் கையைப் பிடித்து வீட்டு வாசல்வரை கூட்டிவந்தான். 'எங்கள் இருவரையும் வானத்து நட்சத்திரங்கள் பார்த்துக்கொண்டிருந்தன' என்று கட்டுரை முடிந்தது.

கைதட்டினார்கள். ஃபாதரும் தட்டினார். கயத்தான் சார் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

பிரகாசி குழந்தையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினாள். கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தாள்.

"அப்புறம் சார்?" என்றாள்.

கதை கேட்கிறவள் கேட்கும் குரல்தான். வேறு ஒன்றும் அதில் இல்லை.

அவர் சட்டைப்பையைத் தொட்டார். தாளில் அதற்கு மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பின்வரிசையில் இஞ்ஞாசி தலையைத் தூக்கி, வேண்டாம் என்பதுபோல மெல்ல ஆட்டினான்.

கயத்தான் சார் அவனைப் பார்த்தபடியே பேசினார்.

"வாசல்ல நின்னு இஞ்ஞாசி குடிக்கத் தண்ணி கேட்டான். எனக்குக் கேட்டுது. அவன் வெளியே நிக்கும்போதே கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டேன்."