ஜமீன் கிடாவுக்குப் போட்ட பூட்டு

கோட்டைப்பாறை ஆடு வளர்ப்போர் சங்கத்தில் மொத்தம் மூன்று பேர். தலைவர் பூவலிங்கம், செயலாளர் நாச்சிமுத்து, பொருளாளர் திருமேனி. மூவரின் அறிவையும் ஒன்றாகத் திரட்டினாலும் ஒரு புழுக்கை அளவு தேறாது. பூவலிங்கத்தின் உயிரோ 'ஜமீன்' என்று அவர் பேர் வைத்திருந்த கிடாவிடம் இருந்தது. ஊரிலுள்ள பெட்டையாடுகளுக்கெல்லாம் அது ஒன்றுதான் கிடா. ஆனால் கண்ணில் பட்டவரையெல்லாம் முட்டித் தள்ளியது.

கால்நடை டாக்டர் மாத்திரை கொடுத்தார். "மூளையில டோபமைன்னு ஒண்ணு இருக்கு. ஆசைக்குக் கதவைத் திறந்துவிடுறதே அதுதான். இந்த மாத்திரை அந்தக் கதவைப் பூட்டிடும். தினம் ஒண்ணு கொடுங்க" என்று மூவரையும் பார்த்துச் சொன்னார். சொல் தட்டாதவர்கள், தினம் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள்.

பத்தே நாளில் கிடா முட்டுவதை விட்டது, பெட்டைகளையும் விட்டது. பெட்டை வந்து உரசினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அசைபோட்டது. ஒருநாள் காலையில் அதன் காம்பில் பால் சொட்டியது. பூவலிங்கம் அதைக் கறந்து டீ போட்டுக் குடித்துவிட்டுத்தான் அழுதார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இது பெட்டைகிட்டப் போகல, நேரா கறிக்கடைதான்" என்றாள் அவர் மனைவி கனகு.

டாக்டரிடம் ஓடினார்கள். "மூணா கொடுத்தீங்க? டோபமைனைத் தடுத்தா பால் ஹார்மோன் ஏறத்தான்யா செய்யும்! மாத்திரையை நிறுத்துங்க, தானாத் திறந்துக்கும்" என்று கத்தினார் டாக்டர்.

நிறுத்தினார்கள். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"பூட்டுன்னு இருந்தா சாவி இருக்கணுமே?" என்றார் நாச்சிமுத்து.

"எந்தச் சாவின்னு டாக்டர் சொல்லலையே" என்றார் திருமேனி.

"தினம் ஒரு சாவியாக் கட்டிப் பார்த்துடுவோம்" என்று பூவலிங்கம் தீர்ப்புச் சொன்னார்.

பீரோ சாவி, சைக்கிள் சாவி, பஞ்சாயத்து மோட்டார் ரூம் சாவி எல்லாம் கிடாவின் கழுத்தில் ஏறி இறங்கின. மருந்தின் வேகமும் நாளுக்கு நாள் இறங்கியது. வெள்ளிக்கிழமை கனகு கோயிலுக்குப் போயிருந்தாள். பூவலிங்கம் வீட்டைப் பூட்டி அந்தச் சாவியைக் கட்டினார். கிடா கனைத்துக்கொண்டு பெட்டைகளிடம் பாய்ந்தது. பூவலிங்கம் ஆனந்தக் கண்ணீர் விட்டார்.

கனகு திரும்பி வந்தாள். "வீட்டுச் சாவி எங்க?"

"கிடா கழுத்துல. கழட்டினா மறுபடியும் பூட்டிக்குமே!"

"அப்ப வீட்டை எப்படித் திறக்குறது?"

சங்கம் வாசலிலேயே கூடியது.

"மாத்திரையை நிறுத்தினா தானாத் திறக்கும்னு டாக்டரே சொன்னாருல்ல?" என்றார் நாச்சிமுத்து.

"வீட்டுக்கு நாம மாத்திரையே கொடுக்கலையே" என்றார் திருமேனி.

பூவலிங்கம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அதான் திறக்கல! கொடுத்தாத்தானே நிறுத்த முடியும்?"

மூவரும் சாவித் துவாரத்தில் ஆளுக்கொரு மாத்திரையைத் திணித்துவிட்டு, பத்து நாள் ஆகட்டும் என்று கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள்.